அழைப்பிதழ் வடிவில் வரும் களவு

“தம்பி, போன்ல வைரஸ் பூந்திருச்சி போல. ஒரே சூடு, ரொம்ப ஸ்லோ. கொஞ்சம் பாரேன்.”

“வச்சிட்டுப் போங்கண்ணே. ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்.”

மலேசியாவில் எந்தச் சிறு பட்டணத்துக் கைப்பேசிக் கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பாலோவும் அதற்கு விலக்காக இருக்க வழியில்லை. பேச்சு சின்னதுதான். ஆனால் அதற்குள் நான்கு நம்பிக்கைகள் இருக்கின்றன. வைரஸ் என்பது ஒரு நோய். அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வந்தால் சூடு, மந்தம் என்று அறிகுறி காட்டும். விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்தால் குணமாகிவிடும்.

இந்த நான்கும் ஒரு காலத்தில் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. இன்று இவற்றை நம்பி உட்கார்ந்திருப்பவர்களின் சேமிப்புதான் கரைகிறது. போன் சூடாவதற்குப் பழைய பேட்டரியும், படமும் காணொளியுமாக நிரம்பி வழியும் சேமிப்பிடமும் காரணமாக இருக்கலாம். பணத்தைத் திருட வந்த நிரலோ பல நேரங்களில் எந்த அறிகுறியும் காட்டாது. போன் நன்றாக ஓட வேண்டும் என்று சொந்தக்காரரைவிட அதிகம் விரும்புவது அந்த நிரலை அனுப்பியவன்தான். போன் படுத்துவிட்டால் அவன் வேலை கெட்டுவிடுமே!

சாதாரண மக்கள் தீங்கு செய்யும் மென்பொருளை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக் வாஷ். கணினித் துறையில் இல்லாத, வீட்டில் கணினி வைத்திருக்கும் 33 பேரிடம் அவர் நேர்காணல் நடத்தினார். ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ‘உங்களுக்கு இது தெரியுமா, அது தெரியுமா’ என்று பரீட்சை வைக்காமல், ‘வைரஸ் என்றால் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது, அது எங்கிருந்து வருகிறது, யார் செய்கிறார்கள்’ என்று பேசவிட்டுக் கேட்டார். திரும்பத் திரும்ப வந்தவை எட்டு மனப்படங்கள். நான்கு வைரஸைப் பற்றியவை, நான்கு ஹேக்கரைப் பற்றியவை.

சிலருக்கு வைரஸ் என்றால் ஏதோ கெட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் யோசித்ததில்லை. சிலர் அதைக் கோளாறான மென்பொருள் என்று நினைத்தார்கள். சிலருக்கு அது விளையாட்டுப் பிள்ளைகளின் குறும்பு. இன்னும் சிலர், குற்றவாளிகள் தகவல் திருடப் பயன்படுத்தும் கருவி என்றார்கள். ஹேக்கர் என்றதும் சிலர் மனத்தில் வந்தவன் திறமையைக் காட்டிக்கொள்ளச் சுவரில் கிறுக்கிப் போகும் இளைஞன். மற்றவர்களுக்கு அவன் திறந்த வீட்டில் நுழையும் திருடன், இல்லையென்றால் குற்றக் கும்பலுக்குக் கூலிக்கு வேலை செய்பவன், அதுவும் இல்லையென்றால் பணக்காரர்களையும் பெரிய நிறுவனங்களையும் மட்டும் குறிவைப்பவன்.

இந்த ஆய்வில் மிகவும் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவர்களில் யாருமே யோசிக்காமல் நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள படத்துக்கு ஏற்ப, முறையாக யோசித்தே எது தேவை, எது தேவையில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். வைரஸ் என்பது கோளாறான மென்பொருள் என்று நினைப்பவர், தெரிந்தே இறக்கி நிறுவினால்தான் அது வரும் என்று நம்புகிறார். கண்டதை இறக்காத தனக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் எதற்கு என்று கேட்கிறார். வைரஸ் தகவலைத் திருடும், கணினியைக் கெடுக்காது என்று நம்புபவர், கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பதில்லை. ஹேக்கர் பெரிய மீனைத்தான் பிடிப்பான் என்று நம்புபவரோ எதைப் பற்றியும் கவலைப்படுவதில்லை. ‘என்னிடம் என்ன இருக்கிறது திருட?’

தோட்டத்து வீட்டுத் திண்ணையிலும் இதே கேள்வி கேட்கும். எட்டுப் படங்களில் இன்று அதிகச் சேதம் விளைவிப்பது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இது ஆதாரமே இல்லாத நினைப்பும் அல்ல. 2014 செப்டம்பர் இறுதியில் சிலாங்கூர், மலாக்கா, ஜொகூர் மாநிலங்களில் பல ஏடிஎம் இயந்திரங்கள் அடுத்தடுத்துக் காலியாயின. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்ததாகக் கருதப்பட்ட ஒரு கும்பல், பழைய வகை இயந்திரங்களின் மேல்மூடியைத் திறந்து, குறுந்தட்டின் வழியே ஒரு நிரலை உள்ளே ஏற்றியது. அதன் பிறகு அட்டையே இல்லாமல் இயந்திரம் பணத்தைக் கொட்டியது. போனது ஏறக்குறைய 30 லட்சம் ரிங்கிட். வாடிக்கையாளர் கணக்கில் கை வைக்கப்படவில்லை. போனது வங்கியின் பணம். தமிழ்நாட்டில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் அமைப்புக்குள் 2018 பிப்ரவரியில் புகுந்தவர்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலரை மூன்று தவணையாக வெளிநாட்டுக்கு அனுப்ப உத்தரவு போட்டார்கள். அதில் ஒரு பகுதி உடனே தடுக்கப்பட்டது. இந்தச் செய்திகளைப் படித்தவர்கள், ‘இது வங்கிக்கும் ஹேக்கருக்கும் நடக்கிற சண்டை, நமக்கு என்ன’ என்று நினைத்தால் குறை சொல்ல முடியாது.

வங்கிகள் தங்கள் வேலியை உயர்த்தின. ஏடிஎம்மைத் திறப்பதைவிடச் சுலபமான வழி ஒன்று திருடர்களுக்கு இருந்தது. அது வாடிக்கையாளரின் கையில் இருக்கும் போன்.

இதைத் தெளிவாகக் காட்டும் வழக்கு மலேசியாவிலேயே உண்டு. 2021 இறுதியில் தொடங்கி, வீடு சுத்தம் செய்யும் சேவைகளின் விளம்பரங்கள் ஃபேஸ்புக்கில் வலம் வந்தன. கிராப்மெய்ட், மரியாஸ் கிளீனிங், மெய்ட்ஃபோர்யூ, யுவர்மெய்ட் போன்ற பெயர்களில் உண்மையான சேவைகளைப் போலவே வடிவமைக்கப்பட்ட போலித் தளங்கள். செல்லப்பிராணிக் கடை ஒன்றின் பெயரும் அதில் இருந்தது. ஸ்லோவாக்கியாவின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் இதை ஆராய்ந்து 2022 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. நடந்ததை ஒவ்வொரு படியாகப் பார்த்தால், சாதாரண மனிதர் எங்கே ஏமாறுகிறார் என்பது விளங்கும்.

வேலைக்கு ஆள் வேண்டி ஒருவர் தளத்துக்குப் போகிறார். அங்கே நேரடியாகப் பதிவு செய்ய வழியில்லை. செயலியை இறக்கச் சொல்கிறது. கூகிள் பிளே என்ற அடையாளத்தோடு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கோப்பு வருவது கூகிளிடமிருந்து அல்ல, மோசடிக்காரனின் சொந்த சர்வரிலிருந்து. இப்படிப் பெயர் திருடப்பட்ட ஏழு சேவைகளில் ஐந்துக்குக் கூகிள் பிளேயில் செயலியே கிடையாது என்று ஈசெட் கண்டது. அதைப் போய்ச் சரிபார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? நிறுவும்போது ‘அறியப்படாத செயலியை அனுமதிக்கவா’ என்று ஆண்ட்ராய்டு கேட்கிறது. வேலை நடக்க வேண்டுமே என்று சரி என்கிறார். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியும் அந்தச் செயலிக்குப் போய்விடுகிறது.

பிறகு எல்லாம் வழக்கமான கடைச் செயலி மாதிரிதான். சேவையைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் இடத்துக்கு வந்தால், இணையத்தில் பணம் கட்ட மலேசியர்கள் அன்றாடம் பார்க்கும் எஃப்பிஎக்ஸ் பக்கம் வருகிறது. எட்டு வங்கிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மேபேங்க், பப்ளிக் பேங்க், சிஐஎம்பி, ஆர்எச்பி, பிஎஸ்என் என்று எல்லாம் பழகிய பெயர்கள். பக்கம் போலி. தன் வங்கியைத் தொட்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தவருக்குக் கிடைக்கும் பதில், ‘பெயரோ கடவுச்சொல்லோ தவறு’ என்பதுதான். அவர் தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்படுவார். அந்த நேரத்தில் கடவுச்சொல் மோசடிக்காரனிடம் சேர்ந்துவிட்டது. அவன் வங்கியின் உண்மையான தளத்துக்குள் நுழைகிறான். வங்கி முறைப்படி, பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் ‘டேக்’ எண்ணைக் குறுஞ்செய்தியாக வாடிக்கையாளரின் போனுக்கு அனுப்புகிறது. போனில் உட்கார்ந்திருக்கும் செயலி அந்தக் குறுஞ்செய்தியை அப்படியே அவனுக்கு அனுப்பி வைக்கிறது.

‘டேக் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தன. இந்த மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது அவருடைய போன். அறிவுரையைக் கடைப்பிடித்தவரின் கணக்கும் காலியானது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏமாந்தவரை ‘படிக்காதவர், பேராசைக்காரர்’ என்று ஏசுவோர் அடுத்த முறை வாய் திறக்கும் முன் இந்த வழக்கை நினைத்துக்கொள்வது நல்லது. இவர் தேடியது லாட்டரிப் பரிசு அல்ல, வீடு கூட்ட ஓர் ஆள்.

இதே வகை நிரல்கள் பிறகு வேறு வேடங்களும் போட்டன. அவற்றில் ஒன்று கல்யாண அழைப்பிதழ் வேடம். தெரிந்தவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். குடும்பத்தோடு அவசியம் வரவேண்டும் என்று இருக்கும். கூடவே ஒரு கோப்பு. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு கைப்பேசியில் அழைப்பு அனுப்புவது எல்லோருக்கும் பழகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்காமல் இருக்க மனம் வருமா? கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும். உண்மையான அழைப்பிதழ் படமாகவோ, பிடிஎஃப் ஆகவோ, காணொளியாகவோ வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலி நிறுவும் கோப்பு. அதைத் திறந்தால் பத்திரிகையைப் படிப்பதாகப் பொருளில்லை. முன்பின் தெரியாத ஒருவனை வீட்டில் குடிவைப்பதாகப் பொருள்.

அனுப்பியவர் தெரிந்தவர்தானே, அவர் ஏன் இதை அனுப்பினார்? அவர் அனுப்பவில்லை. அவருடைய போனில் இதே கோப்பு முன்னமே நுழைந்துவிட்டது. வாட்ஸ்அப்பைப் புதுப் போனில் பதிவு செய்யக் குறுஞ்செய்தியில் ஓர் எண் வரும் அல்லவா? குறுஞ்செய்தியைப் படிக்க முடிந்தவன் அந்த எண்ணையும் படித்து, அவர் கணக்கைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறான். பிறகு சொந்தக்காரர், கூட வேலை செய்பவர், கோயில் குழு என்று எல்லோருக்கும் அழைப்பிதழ் போகிறது. வங்கியில் பத்து வெள்ளிகூட இல்லாதவரிடமும் திருட இதோ ஒன்று இருக்கிறது. அவர் மேல் ஊரார் வைத்திருக்கும் நம்பிக்கை. ‘நான் சின்ன மீன்’ என்ற கணக்கு தப்பாவது இந்த இடத்தில்தான்.

தெரிந்தவர் பெயரில் வந்து ஆளைக் கவிழ்ப்பது புது வித்தை அல்ல. 2000 மே 4-ஆம் நாள் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதைத்தான் செய்தது. மின்னஞ்சலில் காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு கோப்பு. பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் ‘விபிஎஸ்’ என்று ஓர் ஒட்டு இருந்தது, விண்டோஸ் அதை மறைத்துவிட்டது. கடிதம் என்று நினைத்துத் திறந்தால் நிரல் ஓடியது. படக் கோப்புகளை அழித்துவிட்டு, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். எழுதிய ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவர், இணையத்துக்குப் பணம் கட்ட வசதியில்லாமல் பிறருடைய கடவுச்சொல்லைத் திருடத்தான் அதைச் செய்ததாக இருபது ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். பிலிப்பைன்சில் அன்று அதற்குச் சட்டமே இல்லாததால் தண்டனை இல்லை. மலேசியா 1997-லேயே கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1999 ஏப்ரல் 26 அன்று, தைவானில் ஒரு மாணவர் எழுதிய ‘செர்னோபில்’ வைரஸ் ஆசியா முழுக்கக் கணினிகளை முடக்கியது. தட்டில் இருந்த தகவல் அழிந்தது. சிலவற்றில் கணினியைத் துவக்கும் சில்லே பாழானதால், சொந்தக்காரர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தும் திரை இருட்டாகவே இருந்தது. அந்தக் காலத்தில் வைரஸ் என்றால் கணினி படுத்துவிடும், அது கண்ணுக்குத் தெரியும். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் வைரஸைப் பற்றி முதல் பாடம் படித்தது அப்போதுதான். அந்தப் பாடம் பொய்யல்ல, பழையது. நடுவில் எழுதுகிறவர்கள் மாறிவிட்டார்கள். பெயர் வாங்க எழுதிய மாணவர்கள் இருந்த இடத்தில் இன்று பணத்துக்காக எழுதும் கும்பல்கள் இருக்கின்றன.

பணம் இல்லாத பொருள்களையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. 2016-இல் ‘மிராய்’ என்ற நிரல் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்தக் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து அக்டோபர் 21 அன்று ஓர் இணைய நிறுவனத்தைத் தாக்கியதில், டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெருந்தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. கேமராவின் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது. படம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ரிக் வாஷ் ஆய்வைத் தொடங்கக் காரணமே இப்படிச் சத்தமில்லாமல் கூலிப்படையாக மாற்றப்படும் கணினிகள்தான். அவர் கேட்ட எந்த மனப்படத்திலும் இதற்குச் சரியான இடம் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மக்கள் கற்றுக்கொள்ள வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2009-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு நியாயமான பதில் சொல்கிறது. நிபுணர்கள் அள்ளி வீசும் அறிவுரைகளைக் கடைப்பிடிக்கச் செலவாகும் நேரமும் தொல்லையும் மக்களுடையது. கிடைக்கும் பயனோ பல நேரங்களில் மிகச் சிறிது. ஆகவே மக்கள் அவற்றைத் தள்ளிவிடுவது சோம்பல் அல்ல, கணக்குப் போட்டு எடுத்த முடிவு என்றார் அவர். தோட்டத்தில் வெட்டு முடித்து வந்து களைத்துப்போன மனிதரிடம் இருபது விதிகளை நீட்டினால் அவர் ஒன்றையும் பிடித்துக்கொள்ளமாட்டார். வங்கிச் செயலி எச்சரிக்கையை மலாயிலோ ஆங்கிலத்திலோ காட்டுகிறது. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய மூதாட்டிக்கு அது தடையாகத் தெரியுமே தவிர, எச்சரிக்கையாகத் தெரியாது.

சுமையின் பெரும்பகுதியை வங்கியும் போனைச் செய்பவர்களும்தான் தாங்க வேண்டும். ஓரளவு அது நடந்தும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் டேக் எண் அனுப்பும் முறையைக் கைவிடும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஒருவருடைய கணக்குக்கு ஒரே ஒரு கைப்பேசி, புதிதாகப் பதிவு செய்தால் பணம் அனுப்பச் சிறிது நேரக் காத்திருப்பு என்ற விதிகளும் அப்போதுதான் வந்தன. கணக்கை வாடிக்கையாளரே ஒரு நொடியில் முடக்கும் வசதியும் வங்கிச் செயலிகளில் சேர்ந்தது. ஆபத்தான செயலி போனில் இருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கின்றன. ‘இந்த ஆப் சும்மா சும்மா தொல்லை கொடுக்குது’ என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தத் தொல்லைதான் காவல். கூகிள் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஒரு சோதனையைத் தொடங்கியது. வெளியிலிருந்து இறக்கும் செயலி, குறுஞ்செய்தி படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்டால், போனே நிறுவலைத் தடுத்துவிடும். இந்த அனுமதிகளைத் தவறாகப் பயன்படுத்திய முக்கிய மோசடி நிரல்களின் நிறுவல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அப்படி வெளியிலிருந்து இறக்கப்பட்டவை என்று கூகிளே கண்டறிந்திருந்தது.

இருபது விதிகளுக்குப் பதில் மக்கள் மனத்தில் ஒரே ஒரு படம் மாறினால் போதும். தீங்கு செய்யும் நிரல் காற்றில் பரவி நம் போனுக்குள் வருவது அரிது. பெரும்பாலும் அது நம்மிடம் அனுமதி கேட்டு, நாம் ‘சரி’ என்று சொல்லித்தான் உள்ளே வருகிறது. அறிமுகமானவர் முகத்தோடு வரும், உள்ளே வந்த பிறகு சத்தம் போடாது. இந்த ஒன்று விளங்கிவிட்டால், சுத்தம் செய்யும் செயலி, கல்யாணப் பத்திரிகை, இந்தியாவில் வரும் போலிப் போக்குவரத்து அபராதச் செயலி என்று வேடம் எதுவானாலும் அடையாளம் தெரியும்.

தவறி நிறுவிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கடைக்குக் கொண்டுபோகும் முன் போனின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். காவல் நிலையத்தில் புகாரும் செய்ய வேண்டும். சந்தேகமான கோப்பு பற்றிக் கேட்க, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையம் 1-300-88-2999 என்ற எண்ணில் இருக்கிறது. இந்தியாவில் பணத்தை இழந்தவர்கள் அழைக்க வேண்டிய எண் 1930. போனை முழுக்க அழித்துப் புதிதாக்குவது இவை எல்லாம் முடிந்த பிறகு. ஆதாரம் அதிலேதான் இருக்கிறது.

ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் போனை வாங்கி, அமைப்புகளில் ‘அறியப்படாத செயலிகளை நிறுவுதல்’ என்ற இடத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபேஸ்புக் மூன்றுக்கும் அந்த அனுமதி அணைந்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும், திறக்கும் முன் அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.